எங்கள் முறை வந்த சனிக்கிழமைகள்

நாலு மணி டீயைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்திலும் நாலு மணிக்கு டீ வரும். அதை யாரும் ரசித்துக் குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு காதில் போன், ஒரு கையில் கிளாஸ். மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டார்களா இல்லையா என்று கேட்டு எழுதி முடிப்பதற்குள் கிளாஸ் காலியாகியிருக்கும். குடித்தோமா என்பதே சந்தேகமாக இருக்கும். மழைச்சாரல், ஜன்னலோரம், கையில் சூடான கோப்பை என்று ஞாயிறு இணைப்பிதழ்களில் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கொதிக்கவைத்த தூளும் பாலும். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

என் மனைவிக்கு அதில் நிறைய இருந்தது. அவளுடைய அம்மா மதுராந்தகம் பக்கத்தில் பிறர் நிலத்தில் நடவு நட்டவர். வேலைக்குப் போகும்போது இடுப்பில் ஒரு அலுமினிய டம்ளரைச் செருகிக்கொண்டு போவாராம். சாயங்காலம் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து தூக்கில் டீ வரும். வரப்பில் நின்று டம்ளரை நீட்ட வேண்டும். தூக்கு டம்ளரில் பட்டுவிடாத உயரத்திலிருந்து டீ விழும். மனைவி இதைச் சொன்னது ஒரே ஒரு முறை, அதுவும் சிரித்துக்கொண்டே: "எங்கம்மா கைய சுட்டுக்காத நாளே கிடையாது."

அவளுக்கு டீ என்றால் நாற்காலியில் உட்கார்ந்து, பீங்கான் கப்பில், நாலு பேரோடு பேசிக்கொண்டு குடிப்பது. படித்து, ஒரு ஐ.டி. கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, மாமல்லபுரம் போகிற சாலையில் நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியபோது, அந்த வீட்டுக்கென்று அவள் முதலில் வாங்கியது ஒரு செட் வெள்ளைக் கப்புகளும் சாஸர்களும்தான். கட்டிலும் பீரோவும் பிறகுதான் வந்தன.

அந்தக் குடியிருப்பில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஆராய்ச்சி வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கம்ப்யூட்டர்காரர்கள். தஞ்சாவூர், நெல்லை, கோவை. எங்கள் மாடியிலும் மேல் மாடியிலுமாக ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து சனிக்கிழமை டீ என்று ஒன்றை நடத்திவந்தார்கள். வாரம் ஒரு வீடு. முறை வருகிற வீட்டில் டீ, கடித்துக்கொள்ள ஏதாவது, கொஞ்ச நேரம் பேச்சு. எதிர்வீட்டு அம்மாள்தான் இதற்குத் தலைவி மாதிரி. ஓய்வு பெற்ற பொறியாளரின் மனைவி, நன்றாகப் பேசுவார். நாங்கள் குடிவந்த சில நாட்களிலேயே கதவைத் தட்டி, "நாலு மணிக்கு தனியா உக்காந்து என்ன பண்ணப்போறீங்க, வாங்க" என்று மனைவியையும் சேர்த்துக்கொண்டார். ஆறாவது வீடு எங்களுடையது.

முதல் சனிக்கிழமை போய்வந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஏலக்காய் போட்ட டீ, ரிப்பன் பக்கோடா, மருமகள் கதைகள். ஊர் எது என்று கேட்டார்களாம். மதுராந்தகம் பக்கம் என்றாளாம். அங்கே எந்த ஊர் என்று கேட்டார்களாம். சொன்னாளாம். மேல்மாடியில் ஒருவருக்கு அந்த ஊரில் சொந்தக்காரர்கள் உண்டு. "ஊருக்குள்ளயா, ஏரிக்கு அந்தாண்டயா?" என்று அவர் கேட்க, அந்தாண்ட என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு பேச்சு தண்ணீர் லாரி பக்கம் திரும்பிவிட்டதாம்.

எங்கள் பக்கத்தில் யாரும் சாதியைக் கேட்பதில்லை. தெருவைக் கேட்பார்கள்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வாராவாரம் போனாள். ஐந்து வீட்டிலும் டீ குடித்தாள். யாரும் அவளுக்கு வேறு கப்பில் கொடுக்கவில்லை, வேறு இடத்தில் உட்காரச் சொல்லவில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்காமல் இருக்க என் தொழில் விடாது.

பிறகு எங்கள் முறை வந்தது. வியாழக்கிழமையே இஞ்சியும் பச்சைப் பட்டாணியும் வாங்கிவைத்தாள். வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் எதிர்வீட்டு அம்மாள் எழுதினார்: இந்த வாரம் வித்தியாசமாக இருக்கட்டும், எல்லாரும் மாமல்லபுரம் போய்க் காத்தாட உட்கார்ந்துவிட்டு வரலாம், டீ அங்கேயே குடிக்கலாம். உடனே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. மனைவியும் ஒன்று போட்டாள். கடற்கரையில் காகிதக் கப்பில் கடை டீ. எல்லாருக்கும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். திரும்பி வந்து, "நம்ம முறை பிக்னிக் ஆயிடுச்சு" என்று சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பட்டாணியை நாங்கள் இருவரும் சுண்டல் செய்து சாப்பிட்டோம்.

அடுத்த சுற்றில் மீண்டும் ஐந்து வீடுகள் முடிந்து எங்கள் முறை வந்தபோது மார்கழி. வேடந்தாங்கலில் பறவைகள் வந்திருக்கின்றன, இப்போது விட்டால் அடுத்த வருஷம்தான் என்று எதிர்வீட்டு அம்மாள் எழுதினார். ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். டீ அங்கே ரோட்டோரக் கடையில். இந்த முறை அவள் பிக்னிக் என்று சொல்லவில்லை. நாரை நிறைய இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

செய்தி எழுதுகிறவனுக்கு நடந்ததைப் பார்க்கிற கண் மட்டும் போதாது. எது நடக்கவில்லை என்றும் பார்க்க வேண்டும். வேறு எந்த வீட்டு முறையிலும் யாருக்கும் கடற்காற்று தேவைப்பட்டதில்லை. பறவைகள் வேறு எந்தச் சனிக்கிழமையும் நினைவுக்கு வந்ததில்லை. இதை மனைவியிடம் சொல்லலாமா என்று சில நாள் யோசித்தேன். சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க இப்பதான் கண்டுபுடிச்சீங்களா?" என்றாள். "மாமல்லபுரத்துலயே எனக்குத் தெரியும்."

தெரிந்தும் ஏன் போகிறாய் என்று கேட்டேன். மூன்றாவது தடவை பார்க்கலாம் என்றாள். ஒருவேளை தான் தப்பாக நினைக்கிறோமோ என்னவோ என்றும் சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். தான் நினைத்தது தப்பு என்று யாராவது ஒருவர் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கப் டீ குடித்து நிரூபித்துவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது முறை வந்த வாரம், பருவம் தப்பி ஒரு புயல் சின்னம். பறவை, கடல் இரண்டுக்கும் வழியில்லை. அவள் முந்திக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே, நாளைக்கு எங்கள் வீட்டில், மசால்வடை என்று எழுதிவிட்டாள். மதியம்வரை பதில் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கட்டைவிரல்கள் வந்தன.

ஐந்து பேரும் வந்தார்கள். நான் உள்ளறையில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்ததால் கூடம் முழுக்கத் தெரிந்தது. மனைவியின் ஊரில் சொந்தக்காரர்கள் உள்ள மேல்மாடி அம்மாள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒரு மாடிதான் இறங்கிவந்திருந்தார்.

மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். எதிர்வீட்டு அம்மாளுக்குச் சர்க்கரை நோய் என்பதால் சர்க்கரையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். வடையை நான்தான் எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். எல்லாரும் என்னை நலம் விசாரித்தார்கள். பேப்பர்காரர் வீட்டில் என்ன விசேஷம் என்று ஒருவர் கேட்டார். நான் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எதிர்வீட்டு அம்மாள் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றார். மேல்மாடி அம்மாளுக்கு டாக்டர் டீயை நிறுத்தச் சொல்லியிருந்தார். போன வாரம்வரை சொல்லியிருக்கவில்லை. ஒருவருக்குச் சனிக்கிழமை விரதம். இன்னொருவர் ஆறட்டும் என்றார். வடையை எல்லாரும் புகழ்ந்தார்கள். வாசனையே பிரமாதம் என்றார்கள். தட்டில் வடைக்குப் பக்கத்தில் நான் வாங்கிவந்திருந்த பிஸ்கட் பாக்கெட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. விரதம் இருந்தவர் அதைப் பிரித்தார். பாக்கெட் சுற்றிவந்தது. எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனியில் செய்து, ஒட்டி மூடி வந்த பண்டம். அதை எங்கள் வீட்டில் யாரும் தொட்டிருக்கவில்லை.

ஐந்து பேரில் கோவையிலிருந்து வந்த இளம்பெண் மட்டும் கப்பை எடுத்தாள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முழுவதும் குடித்தாள். வடையும் ஒன்று தின்றாள். என் மனைவி அவளைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பரீட்சை முடிவைப் பார்க்கிற பார்வை. அந்தப் பெண் கப்பைச் சாஸரில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, நல்ல மனதோடுதான் சொன்னாள்:

"எனக்கு இதெல்லாம் கிடையாதுக்கா. நான் யார் வீட்லயும் சாப்பிடுவேன்."

மேல்மாடி அம்மாள் பாட்டில் மூடியைத் திருகினார்.

"எதெல்லாம்?" என்றாள் மனைவி.

அந்தப் பெண் முழித்தாள். இல்லைக்கா, வந்து, இந்தச் சர்க்கரை, டயட் அதெல்லாம், என்றாள்.

"சக்கர தனியால்ல கீது." மனைவி கிண்ணத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். ஆபீசிலும் அக்கம்பக்கத்திலும் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா வீட்டுப் பேச்சு அது. "இதெல்லாம்னு சொன்னியேம்மா, அது இன்னான்னு கேட்டேன்."

எதிர்வீட்டு அம்மாள் மழை வலுக்கிறது என்றார். மாடியில் துணி காய்கிறது என்று இன்னொருவருக்கு நினைவு வந்தது. காலையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது. எந்த மாடியிலும் எந்தத் துணியும் காய வாய்ப்பில்லை. அவர்கள் போன பிறகு மனைவி கப்புகளை எடுத்துப்போய் ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தாள். மேலே ஆடை படிந்திருந்தது. ஒரு கப்பையாவது நான் குடித்திருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

இனிமேல் போகாதே என்றேன். குழுவிலிருந்து விலகிவிடு, யாருக்கு வேண்டும் இந்த டீ, என்றேன். ஆறிப்போன பால்தண்ணீருக்கு ஊர் கொடுக்கிற மரியாதையைப் பற்றியும் ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கப்புகளைத் துடைத்தாள்.

"டீ மேல ஏன் பாயுறீங்க? டீ நல்லாதான் இருந்துச்சு" என்றாள். "நான் ஏன் விலகணும்? விலகிட்டா அவங்களுக்கு சுலபம். நான் போவேன். என் முறை வரும். ஒவ்வொரு தடவையும் அவங்க உக்காந்து ஒரு காரணம் யோசிக்கட்டும்."

போனாள். அடுத்தடுத்த வாரங்களில் ஐந்து வீட்டிலும் உட்கார்ந்து டீ குடித்தாள். இளம்பெண் வீட்டில்தான் சீக்கிரம் எழுந்துவிட்டாளாம். அந்தப் பெண் வாசல்வரை வந்து மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தாளாம். மற்றவர்கள் எதுவும் நடக்காதது போலப் பேசினார்கள். அவளும் பேசினாள்.

நான்காவது முறை வந்தபோது எதிர்வீட்டு அம்மாள் மறுபடி மாமல்லபுரம் என்று எழுதினார். எங்கள் வீட்டில்தான், நாலு மணிக்கு, என்று மனைவி எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை. சனிக்கிழமை பால் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு, கப்புகளை மேசையில் பரப்பி, வாசல் கதவைத் திறந்துவைத்தாள். நான் பால்கனியில் நின்றிருந்தேன். கீழே பொறியாளரின் கார் கிளம்பியது. முன்னால் எதிர்வீட்டு அம்மாள், பின்னால் மேல்மாடி அம்மாளும் மற்றவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு. இளம்பெண்ணின் பச்சைத் துப்பட்டா கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு வெளியே தொங்கியது. கார் கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்பியது. எங்கள் முறைக்கு அவர்கள் எங்களை விட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் என் பின்னால் வந்து நின்று பார்த்தாள். உள்ளே போய் இரண்டு கப்பில் டீ ஊற்றினாள். உட்கார்ந்து குடித்தோம். இஞ்சி சரியாக இருந்தது, கொதியும் பதமாக இருந்தது. நல்ல டீ. அதைக் கவனித்துக் குடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்."

இருட்டத் தொடங்கும்போது லிஃப்ட் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தார், செருப்பில் மணல். எங்கள் கூடத்து விளக்கு நடைபாதைவரை விழுந்திருந்தது. மேசையும் அதன்மேல் பரப்பியிருந்த கப்புகளும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

"வாங்க ஆன்ட்டி" என்றாள் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ரெண்டு நிமிஷத்துல புதுசா போட்டுடறேன்."

அவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்று கைப்பையில் சாவியைத் தேடினார். சாவி உடனே கிடைக்கவில்லை. மனைவி எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.