சர்வீஸ் எத்தனை வருஷம்

"த்ரீ சிக்ஸ் சொத்தை. த்ரீ செவன் இல்ல. த்ரீ எய்ட் ஆடுது," என்றாள் கிரேஸ்.

ஸ்ரீவித்யா அட்டையில் எழுதினாள். ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண். ஒருவர் வாயைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் நின்றபடி எழுத வேண்டும். காலையில் அவளும் பார்ப்பவளாகத்தான் இருந்தாள். பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் பல் பரிசோதனை முகாமுக்காக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள், கிரேஸுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பத்து மணிக்குள் கிரேஸின் நாற்காலிக்கு முன்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது. ஸ்ரீவித்யாவிடம் ஒரு சூப்பர்வைசர் வந்தார். போனைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். பிறகு யாரும் வரவில்லை.

"இங்க வாங்கோ, இங்க காலியாத்தான் இருக்கு," என்று இரண்டு முறை கூப்பிட்டாள்.

வரிசையில் நின்ற ஒரு பெண் சிரித்தாள். "பரவால்ல மேடம். நாங்க அந்தப் பாப்பாகிட்டயே காட்டிக்கிறோம். அது நம்ம பேச்சு பேசுது."

"நான் பேசறதும் தமிழ்தானே?"

"தமிழ்தான். ஆனா கோயில்ல அர்ச்சன பண்றாப்பல இருக்குதே."

வரிசை முழுவதும் சிரித்தது. கூட வந்திருந்த பேராசிரியர் சுதீர் இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். "ஸ்ரீவித்யா, நீ கிரேஸுக்கு எழுது. சீக்கிரம் முடியும்," என்றார்.

அதனால் இப்போது எழுதிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரு நாளைக்கு எத்தன பொட்டலம் பாக்கு?" என்றாள் கிரேஸ், நாற்காலியில் இருந்தவரிடம்.

"மூணு."

"மூணா? உங்க கன்னம் ஆறுங்குது."

"கன்னம் பொய் சொல்லுது பாப்பா."

"அப்ப கன்னத்தயே கேக்கறேன். ஆ காட்டுங்க. இன்னும். இன்னும் அண்ணே, சம்பளம் கேக்கற மாதிரி தொறங்க."

அவர் வாயைப் பெரிதாகத் திறந்தார். கிரேஸின் கை உள்ளே போனது. சின்னக் கை. கடைசிக் கடைவாய்ப்பல்வரை சிரமமில்லாமல் போகும். 'இந்தக் கை படிச்சு வராது, பொறந்து வரணும்' என்று இரண்டாம் வருடத்தில் சுதீர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் ஸ்ரீவித்யா தன் விரல்களை ஸ்கேல் வைத்து அளந்தாள்.

இருவரும் பல் மருத்துவம் கடைசி வருடம். கிரேஸின் குடும்பம் கோலார் தங்கவயலைச் சேர்ந்தது. தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்பா விஜய்குமார் சுரங்கம் மூடிய பிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து போய், லேத் பட்டறையில் நின்று, கடைசியில் பீன்யாவுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தார். அம்மா ஆரோக்கியமேரி ஒரு கார்மென்ட்ஸில் காஜா எடுக்கிறாள். முதல் இரண்டு வருடம் கிரேஸும் மாரிக்குப்பம் ரயிலில்தான் வந்து போனாள். உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே முகத்தின் நரம்புகளை மனப்பாடம் செய்தாள். பக்கத்தில் நிற்கும் பழக்காரிகள் அவளிடம் கேள்வி கேட்பார்களாம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, 'இது இன்னா நரம்பு சொல்லு' என்பார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். ஸ்ரீவித்யாவும் சிரிப்பாள். மல்லேஸ்வரத்தில் அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு இருபது நிமிடம். வழியில் சொல்ல ஒன்றும் நடந்ததில்லை.

மதிப்பெண்ணில் ஸ்ரீவித்யா முதல், கிரேஸ் மூன்றாவது. அதனால் ஒரு பயனும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருடம் ஓர் அறக்கட்டளை பல் மருத்துவ மாணவர்களுக்குப் பொதுச் சேவை உதவித்தொகை அறிவித்திருந்தது. ஒரு கல்லூரிக்கு ஒருவர். பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு மூன்று வருடமும் அவர்கள் பொறுப்பு. முடித்ததும் இரண்டு வருடம் கிராமத்து அரசு மருத்துவமனையில் வேலை செய்வதாக பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கிரேஸுக்கு வேறு வழியில் மேற்படிப்பு இல்லை. ஸ்ரீவித்யாவுக்கு வேறு வழிகள் இருந்தன. அதுதான் அவள் கஷ்டம். மாமா ஸ்ரீகண்டன் சம்பிகே ரோட்டில் இம்ப்ளான்ட் கிளினிக் வைத்திருந்தார். மூன்றாவது நாற்காலி அவளுக்கென்று வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

"அந்த ஸ்காலர்ஷிப் கெடைச்சா போ, நான் தடுக்கலே," என்று அப்பா ரகுராம் சொல்லியிருந்தார். "கெடைக்கலேன்னா மாமா கிளினிக். அதுக்கப்புறம் பேச்சு கெடையாது."

விண்ணப்பத்தை அவர்தான் முதலில் படித்தார். கூடத்தில் மைசூர் தலைப்பாகையோடு கொள்ளுத்தாத்தாவின் படம். அதற்குக் கீழே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலாவது காலம் பாரு. 'சர்வீஸ், விவரம், காலம், சர்ட்டிபிகேட் இணைக்கவும்.' நம்மாத்துக்குன்னே கேட்டிருக்கான். மகாராஜா காலத்துலேர்ந்து மூணு தலைமுறை சர்வீஸ். கொள்ளுத்தாத்தா அமல்தார், தாலுகாவுக்கே அதிகாரி. எழுது."

அவள் எழுதினாள். மறுநாள் சந்தேகம் வந்து கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் ஓஸ்வால்டிடம் கேட்டாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ மேடம், அது உங்க கேம்ப் கணக்கு. எந்த ஊரு, எத்தன மணி நேரம். லாக் புக் ஜெராக்ஸ் வெக்கணும். தாத்தா கீத்தா எல்லாம் பேடா, வேண்டாம். ராஜா வந்து கையெழுத்துப் போட்டாலும் பேடா."

அவள் புது விண்ணப்பம் வாங்கி நூற்று நாற்பத்தெட்டு மணி நேரம் என்று நிரப்பினாள். கிரேஸின் லாக் புக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அது ஸ்ரீவித்யாவுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு முறையாவது அதைத் திறந்து பார்ப்பாள்.

கடைசித் தேதியன்று பகல் மூன்று மணிக்கு கேன்டீனில் கிரேஸ் ஓர் உறையை அவள் முன்னால் வைத்தாள்.

"கொஞ்சம் பாருடி ஸ்ரீ. எதுனா தப்பு இருந்தா சொல்லு. நான் ஃபார்ம் எழுதினா எங்கயாவது சொதப்பிடும்."

ஸ்ரீவித்யா ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். சாய்வில்லாத, பெரிய எழுத்து. பதினான்காவதில் நின்றாள். தாத்தா. சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை. முப்பத்தொரு வருடம். பின்னால் சான்றிதழின் நகல் இருந்தது. அசலை லாமினேட் செய்திருந்ததால் நகலில் ஓரமெல்லாம் கறுப்பாக விழுந்திருந்தது.

"இது..." என்றாள்.

"எங்க தாத்தா. சர்க்கார் கம்பெனிதானே, அப்ப பப்ளிக் சர்வீஸ்தானே? அப்பா பீரோலேர்ந்து எடுத்துக் குடுத்தாரு. குடுக்கவே மாட்டேன்னாரு, ஜெராக்ஸ் கடைக்கு அவரே கூட வந்தாரு. எங்க ஊர்ல எந்த ஃபார்ம் எழுதினாலும் மொதல்ல அதான் கேப்பாங்க, சர்வீஸ் எத்தன வருஷம்னு. வீட்டுக்கு எழுதினாலும் அதான், பென்ஷனுக்கு எழுதினாலும் அதான்."

"கேம்ப் எல்லாம்?"

"அத டிபார்ட்மென்ட்லேர்ந்து அனுப்பிடுவாங்கல்ல?"

ஒரு பையன் பக்கத்து மேசையில் தோசைத் தட்டை வைத்துவிட்டுப் போனான். ஸ்ரீவித்யா அந்த நகலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டு அமல்தாரை அவள் தன் கையாலேயே விண்ணப்பத்திலிருந்து நீக்கியிருந்தாள். இங்கே ஒரு மனிதர் முப்பத்தொரு வருடம் பூமிக்கு அடியில் மரம் முட்டுக் கொடுத்து நின்றிருக்கிறார். முத்திரையோடு இருக்கிறது. தேர்வுக்குழு இதைப் படிக்கும். படித்தால் மணி நேரம் எல்லாம் யார் கேட்பார்கள்? தப்பாக எழுதியதுகூட கிரேஸுக்கு இவ்வளவு நன்றாக வருகிறது. இதைத் திருத்தச் சொல்ல வேண்டுமா? சொன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு. சொல்லாவிட்டால் முப்பத்தொன்று. எது மோசம் என்று ஸ்ரீவித்யாவுக்குத் தெரியவில்லை.

"அனுப்பிடுவா," என்றாள். "எல்லாம் சரியா இருக்கு."

"தேங்க்ஸ்டி." கிரேஸ் உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். "நீ பாத்தா போதும். நீதான் எங்கயும் தப்பு பண்ண மாட்டியே."

அடுத்த மூன்று வாரம் ஸ்ரீவித்யா சரியாகத் தூங்கவில்லை. கிரேஸுக்கே கிடைத்துவிட்டதாகத்தான் எப்போதும் நினைப்பு வந்தது. மேடை, மாலை, பக்கத்தில் லேத் பட்டறைக்காரர் நிற்கிறார், யாரோ அந்தச் சான்றிதழைப் படிக்கிறார், முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைக்கிறாள். ஸ்ரீவித்யா பின்வரிசையில் கைதட்டிக்கொண்டிருக்கிறாள். பல் துலக்கும்போதும் இது வரும். சம்பிகே ரோட்டில் அந்த உறை பிரிக்காத நாற்காலி காத்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மதியம் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. கல்லூரியின் பெயருக்கு எதிரே ஸ்ரீவித்யா ரகுராம் என்று இருந்தது. முதலில் பார்த்தது கிரேஸ்தான். ஸ்டெரிலைசர் அறைக்கு ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா கிளினிக்குக்கு டாட்டா காட்டுடி!" என்றாள். அவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது. ஸ்ரீவித்யாவுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகவே இருந்தது. இவளுக்கு முன்னால் ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. பிறகு, தோற்றுப்போனவள் இப்படிக் கட்டிப்பிடிக்கிறாளே, நமக்கு வருமா என்று தோன்றியது. சந்தோஷம் அதோடு போய்விட்டது.

ஒரு மணி நேரம் கழித்து கிரேஸ் திரும்பி வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஓஸ்வால்ட் அங்கிள்கிட்ட கேட்டேன். எனக்கு எதுல போச்சுன்னு. பதினாலாவது காலத்துல மணி நேரம் சைபராம். பிரிச்சதுமே ஒதுக்கிட்டாங்களாம். உள்ள எடுத்துப் படிக்கவே இல்லையாம்."

ஸ்ரீவித்யா ஸ்டெரிலைசர் தட்டை எடுத்து நேராக வைத்தாள்.

"உனக்கு மட்டும் அவர் முன்னாடியே சொன்னாராமே. அது கேம்ப் கணக்குன்னு. நான் குடுக்கறதுக்கு முந்தின வாரமே."

"அவசரத்துல பாத்தேன் கிரேஸ்."

"அவசரமா? ரெண்டு தோச தின்ற நேரம் பாத்த. அந்த ஜெராக்ஸத் திருப்பித் திருப்பிப் பாத்த." கிரேஸின் குரல் உயரவில்லை. "ஏன்டி?"

"எல்லாரும் உன்கிட்டதான் வரா."

"யாரு?"

"எல்லாரும். கேம்ப்ல."

கிரேஸ் புரியாமல் பார்த்தாள். "வந்தா? பல் வலிக்குதுன்னு வராங்க. இன்னா, தேரா இழுக்க வராங்க?"

"உனக்குப் புரியாது."

"புரியலதான்." அவள் கையுறைப் பெட்டி ஒன்றை எடுத்தாள், திரும்ப வைத்தாள். "எனக்குக் கெடைக்கல, சரி. ராத்திரி எங்கப்பா கேப்பாரு. தாத்தா சர்ட்டிபிகேட் வெச்சுமா குடுக்கலன்னு. நான் இன்னா சொல்றது? அந்தக் காயிதம் செல்லாதுன்னா? அத வெச்சுத்தான் அவரு இத்தன வருஷமா வீட்டுக்கும் பென்ஷனுக்கும் ஆபீஸ் ஆபீஸா நிக்கிறாரு."

 அந்த நேரத்திலும் ஸ்ரீவித்யாவுக்கு, இப்படி ஒரு வார்த்தை சொல்லும்படி தன் வீட்டில் யாருக்கும் எதுவும் நடந்ததில்லையே என்ற நினைப்புதான் முதலில் வந்தது. தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நினைப்பு போகவில்லை.

கிரேஸ் போன பிறகு அவள் அலுவலகத்துக்குப் போனாள்.

"நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா கிரேஸுக்கு வருமா?"

ஓஸ்வால்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வராது மேடம். வேற காலேஜுக்குப் போயிடும். அது ரூல். இவங்க ஃபார்ம் ரிஜெக்ட். ரிஜெக்டுன்னா முகிதுஹோய்து, முடிஞ்சுபோச்சு."

"வேற வழியே இல்லையா?"

"அடுத்த வருஷம் அப்ப ஃபைனல் இயர்ல இருக்கற பசங்களுக்குத்தான்."

அவள் வெளியே வந்தாள். அந்தப் பதில் நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை அவள் கவனித்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் அப்பா பாண்டுக்கு முத்திரைத்தாள் வாங்கி வந்தார். இரண்டு சாட்சிகள் வேண்டியிருந்தது. ஒன்று மாமா போட்டார், ஒன்று எதிர்வீட்டு வனஜா ஆன்ட்டி போட்டாள். அம்மா கேசரி கிளறினாள். மெட்ரோவில் கூட்டம் அதிகம் இல்லை. கல்லூரியில் ஈறு நோய்ப் பிரிவில் முறை. ஸ்ரீவித்யா மூன்று பேருக்குப் பல் சுத்தம் செய்தாள். மூன்றாமவருக்கு ரத்தம் கொஞ்சம் அதிகம் வந்தது, பஞ்சு வைத்ததும் நின்றது. கிரேஸுக்கு அறுவைச் சிகிச்சைப் பிரிவு. வந்திருந்தாள். மதியம் கிரேஸ் வகுப்புத் தோழி ஸ்னேஹாவோடு மாடியில் சாப்பிட்டாள். இரண்டரை மணிக்கு ஸ்ரீவித்யா பாண்டை அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டாள். நான்கு மணிக்கு மழை வந்தது. ஐந்து மணிக்கு விட்டது.