எரிக்காமல் வைத்த பாட்டில்

எங்கள் மாவு ஆலையில் அக்காவுக்கு அவள் கண்ணின் கூர்மைக்காகக் கழுகு என்று பட்டப்பெயர். கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் பதினைந்து வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவேன்? கோதுமை மாதிரி இருக்கும் ரை தானியம் லாரியில் வந்ததும் மாதிரி எடுத்துத் தட்டில் பரப்பி, பூஞ்சை பிடித்ததை இடுக்கியால் பொறுக்குவது எங்கள் வேலை. நல்ல மணி இருக்க வேண்டிய இடத்தில் வளரும் கறுப்புக் கட்டி அது. பார்க்க எலிப்புழுக்கை, மோந்தால் கெட்டுப்போன மீன். எனக்குக் குமட்டும். அக்காவுக்கோ அதில் தனிப் பெருமை.

பொறுக்கியதை அன்றன்றைக்கு எரித்துவிட வேண்டும் என்பது ஆலையின் விதி. அவள் மட்டும் ஒரு பாட்டில் நிறையச் சேர்த்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாள்.

"அந்தக் காலத்துல இது கலந்த ரொட்டியத் தின்னுட்டு ஜனங்க பித்துப் பிடிச்சு அலைஞ்சாங்களாம். எல்.எஸ்.டி.ன்னு ஒரு போதை மருந்து இருக்கே, அதுவே இதுலேருந்துதான் வந்துச்சு."

நானும் கேட்டுச் சிரித்தவள்தான். இதையே அவள் வீட்டிலும் அளந்ததுதான் வினை. அவள் வளர்த்த தம்பி, மூளையை விழிக்க வைக்கப்போகிறேன் என்று ஒரு கூட்டாளியோடு உளறித் திரிந்தவன். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் பாட்டிலில் பாதியைச் சுருட்டிவிட்டான்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். அடித்துப் பிடித்து ஓடினோம். தம்பி வாந்தியில் நனைந்து கிடந்தான். கால் தொட்டால் சில்லென்று இருந்தது, அவனோ எரியுது எரியுது என்று அலறினான். "ஒண்ணுமே சாப்பிடலைங்க" என்று சத்தியம் செய்தான் கூட்டாளி. என்ன தின்றான் என்று தெரிந்தால்தான் காலைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

அக்கா வாந்திப் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். விரலை விட்டுத் துழாவி ஒரு கறுப்புத் துணுக்கை எடுத்தாள்.

"இது என் பாட்டில்ல இருந்தது, டாக்டர். நான்தான் எரிக்காம வெச்சிருந்தேன்."

வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள். நாலாம் நாள் போயிற்று.

டாக்டர் பிறகு விளக்கினார். எல்.எஸ்.டி. ஆய்வுக்கூடத்தில் மாற்றிச் செய்தது. மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டு, இல்லாததையெல்லாம் கண்ணுக்குக் காட்டும். இந்தப் பூஞ்சையை அப்படியே தின்றால் ரத்தக் குழாய்கள் இறுகிவிடும், சதை ரத்தமில்லாமல் செத்துப்போகும். தம்பி ஒரு வர்ணத்தைக்கூடப் பார்க்கவில்லை. கால் தப்பியது, இரண்டு விரல் கரியாகிப் போயின.

பத்தாம் நாள் காலின் கட்டைப் பிரித்திருந்த நேரத்தில் கூட்டாளி வந்தான். தம்பி முதலில் தின்று பார்க்கட்டும் என்று தான் தொடாமல் இருந்த யோக்கியன். தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் காதருகே குனிந்தான்.

"மீதிய எங்க வெச்சிருக்கீங்கக்கா? இவனுக்குத்தான் ஒத்துக்கல. எனக்கு ஒத்துக்கும்."

அடச் சீ! எனக்கு அவன் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. அக்கா அவன் பிடரியைப் பிடித்து, சீழ் வடிந்த அந்தக் காலருகே அமுக்கினாள்.

"நல்லா மோந்து பாருடா."