மூன்றாவது குரவை

எனக்கு எழுபத்தாறு வயது. நான் வளர்த்தது ஒன்பது பேரை. பெற்றது ஏழு, மற்ற இரண்டும் என் தங்கச்சி மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு எங்கள் வீட்டுப் பாயில் வந்து படுத்துக்கொண்டவை. ஒன்பதும் இன்றைக்குத் தங்கள் கையால் உழைத்துத் தின்கின்றன. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், இனிச் சொல்லப்போவது நான் பல்லில்லாமல் சபையில் நின்ற கதை. ஒன்பது பேரை ஆளாக்கியவள் என்பதைத் தெரிந்துகொண்டு, பிறகு சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

குர்ஆன் ஓதுவேன். தமிழில் என் பெயரை எழுதுவேன், அதுவும் கோடு போட்ட தாள் என்றால்தான். ஆகவே நான் சொல்லச் சொல்ல மகளின் மகள் எழுதுகிறாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது, ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்த மாதிரியே போடு என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர்ச் சேவைக் கழகம் சிறப்பு மலர் ஒன்று போடுகிறதாம். அதில் என்னுடையதும் வர வேண்டும் என்று கேட்டார்கள். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

கழகத்தின் மாதர் பிரிவுக்கு என் இளைய மகள்தான் செயலாளர். மாதத்துக்கு ஒருமுறை, கடற்கரை வீதி மண்டபத்தில் ஒன்றுகூடல் நடக்கும். யாராவது வந்து பேசுவார்கள். பிறகு பட்டீஸும் பால் விடாத பிளேன்டீயும் வரும். வயதுபோன எங்களில் சிலருக்கு முன்வரிசை. காது கேட்காது என்று இரக்கப்பட்டு அங்கே வைத்தார்கள். பிளேன்டீ முதலில் வருவதும் முன்வரிசைக்குத்தான் என்பதை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

பேச வந்தவர்களில் எத்தனையோ வகை. ஒருவர் பாம்புக்கடியைப் பற்றிப் பேச வந்தார். விளக்கிக் காட்ட ரப்பர் பாம்பு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அதை அவர் மேசையில் வைத்ததுதான் தாமதம், வரிப்பத்தான்சேனையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண், வயல்காட்டு ஆள் அல்லவா, செருப்பைக் கழற்றி ஒரே அடி. பாம்பு பறந்துபோய்ப் பேச்சாளரின் மடியில் விழுந்தது. அவர் உட்கார்ந்திருந்த கதிரையில் ஏறி நின்றுவிட்டார். தான் கொண்டுவந்த ரப்பர் என்பது அவருக்கே மறந்துபோய்விட்டது. அன்று பேச்சு அத்தோடு சரி.

இன்னொரு முறை மன அழுத்தத்தைப் பற்றிப் பேச ஒரு பொடியன் வந்தான். குரல் வெண்ணெய் மாதிரி. "உம்மாமார்களே, உங்கட மனசுல இப்ப என்ன கவலை இரிக்கி? வெக்கப்படாமச் சொல்லுங்க" என்றான். எனக்குப் பின்கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"பிளேன்டீ எப்ப வரும் எண்டுதான் மகன்."

அது என் மச்சி. என் கணவரின் தங்கச்சி. பக்கத்து ஊரான நிந்தவூரில் வாழ்க்கைப்பட்டவள், ஆனாலும் எங்கள் ஒன்றுகூடலுக்குத் தவறாமல் வந்துவிடுவாள். என்னை விட நாலு வயது இளமை. அதை நாளுக்கு நாலு தரம் ஞாபகப்படுத்துவாள். இந்தக் கதையில் என்னோடு மல்லுக்கு நின்றவளும் அவள்தான்.

மல்லு எதற்கு? குரவைக்கு.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாசலில் கால் வைத்தாலும், பிள்ளை பிறந்தாலும், பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவோம். ஒருத்தி தலைக்குரல் எடுப்பாள், மற்றவர்கள் பின்னால் பிடிப்பார்கள். மூன்று தரம் போட வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் காரியம் பாதியில் நின்ற மாதிரி. எங்கள் ஊர்ச் சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். எந்த விருந்திலும் மூன்றாவது குரவை விழுந்த பிறகுதான் சோற்றுச் சட்டியைத் திறப்பார். நான் தலைக்குரல் எடுத்தால், கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் "மாப்புள வந்திட்டார்" என்று சொல்வார்களாம். இதை நானாகச் சொல்லவில்லை. வலை இழுத்தவர்களே சொன்னார்கள்.

ஆனால் எனக்குப் பல் போய்க் கட்டுப்பல் வந்த பிறகு நான் குரவை போடவில்லை. கேட்டால், இப்போதெல்லாம் மண்டபத்தில் ஸ்பீக்கர் போடுகிறார்களே, பிறகெதற்கு என்று சொல்லிவிடுவேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம்.

கழகத்தின் ஆண்டு ஒன்றுகூடல் வந்தது. பகல் விருந்தோடு. பேச வரப்போவது ஒரு பெண் பல் டொக்டர். ஒலுவில்காரி, வேலை கண்டியில். உம்மா வீட்டுக்கு லீவில் வந்திருந்தாள். மாதர் பிரிவுத் தலைவி ஓய்வுபெற்ற டீச்சர். அவருக்குத் திடீரென்று ஓர் எண்ணம். "இந்தமுறை பிளாஸ்ரிக் மாலை வேணாம். எங்கட வழக்கப்படி குரவை போட்டு வரவேற்பம்" என்றார்.

"நான் தலைக்குரல் எடுக்கிறன்" என்றாள் மச்சி, மூச்சு விடாமல்.

"நீ எடுக்கிறதெண்டா நான் என்னத்துக்குகா இரிக்கன்?" என்றேன்.

"மதினி, உங்களுக்குப் பல்லோட குரவையும் போயிற்று எண்டு ஊரே கதைக்குது."

டீச்சர் என் பக்கம் திரும்பி மெதுவாக, "உங்களுக்கு ஏலுமா?" என்று கேட்டார்.

ஏலுமா! ஒன்பது பேரை வளர்த்தவளைப் பார்த்து! எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "எனக்கு ஏலாமப் போனா, முன்வரிசையில என்ட கதிரைய இவளுக்குக் குடுத்துட்டு நான் பின்னால போய் இரிக்கன்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். மச்சி உடனே "எல்லாரும் கேட்டீங்கதானே?" என்று சாட்சி பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்த்தேன். மேல்வரிசைப் பல் ஒரு பக்கமும் நாக்கு இன்னொரு பக்கமும் போனது. வந்தது குரவை இல்லை. தகரக் கூரையில் மழை தூறுகிற சத்தம். பல்லைக் கழற்றி வைத்துவிட்டு முயன்றேன். காற்றுத்தான் போனது. மகள் எட்டிப் பார்த்து, "உம்மா, கூட்டத்துல பல்லுக் கழண்டு விழுந்திச்செண்டா நான் செயலாளர் வேலைய உட்டுட்டுப் போயிருவன்" என்றாள்.

நான் விடவில்லை. கோழிக்கூட்டுப் பக்கம் போய் நின்று, பல்லில்லாமலே பழகினேன். நாக்கை எங்கே வைத்தால் காற்று பிடிபடுகிறது என்று தேடித் தேடி, ஒருநாள் காலையில் அது தானாகவே கிளம்பிவிட்டது. கோழிகள் சிதறி ஓடின. வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டுக்காரி மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"ராத்தா, ஆர்ர ஊட்ட மாப்புள வாறார்?"

"மாப்புளயும் இல்ல ஒண்டும் இல்ல. கோழி முட்ட உட்டிரிக்கி."

"ஒரு முட்டைக்கா இப்புடிக் குரவ?"

"பெரிய முட்ட."

அவள் போன பிறகு நான் கூட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நாளும் வந்தது. மண்டபத்தை நடுவில் திரை கட்டிப் பிரித்திருந்தார்கள். ஆண்கள் அங்கால், நாங்கள் இஞ்சால். டொக்டரை அழைத்துவர ஒலுவிலுக்கு ஒரு வெள்ளை வேன் போயிருந்தது. பெண்கள் பக்க வாசலில் நாங்கள் வரிசை கட்டி நின்றோம். ஒருத்தி கையில் ரோசாப்பூ இதழ்த் தட்டு, இன்னொருத்தி கையில் பன்னீர்ச் செம்பு. நான் பல்லைக் கழற்றி, லேஞ்சித் துணியில் சுற்றி, சாரி முந்தியில் முடிந்துகொண்டேன். மச்சி என் தோளை உரசிக்கொண்டு நின்றாள், நான் விட்டால் பிடிக்க.

வெள்ளை வேன் வந்து நின்றது. பிஸ்மி சொல்லி மூச்செடுத்தேன்.

கிளம்பியது பாருங்கள்! எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. பின்னால் அத்தனை பெண்களும் பிடித்தார்கள். முதலாவது முடிந்து இரண்டாவது இன்னும் உயரத்தில் போனது. வேன் கதவு திறந்தது. ரோசாப்பூ பறந்தது. பன்னீர் தெளித்தது. இறங்கியது யார்?

சமையல்காரர். சாரத்தை மடித்துக் கட்டி, கையில் பெரிய அகப்பையோடு.

டொக்டரின் வேனும் வெள்ளை, சோறு வந்த வேனும் வெள்ளை. எங்களுக்கு எப்படித் தெரியும்? மனுசன் தலையில் பூவும் முகத்தில் பன்னீருமாக அப்படியே நின்றார். பிறகு அகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரித் தலை குனிந்து சொன்னார்:

"என்ட கலியாணத்துக்குக்கூட இப்புடி ஒரு குரவ விழல்ல."

அவ்வளவுதான். பூத்தட்டுக்காரி நிலத்தில் குந்திவிட்டாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். குரவையும் சிரிப்பும் ஒரு வாயில் நிற்காது. மூன்றாவது குரவை தொண்டையிலேயே செத்துப்போனது. மச்சி மட்டும் சிரிப்புக்கிடையே விரலை நீட்டினாள்: "சட்டிக்குப் போட்ட குரவ சரிவராது மதினி! டொக்டருக்குப் போட்டாத்தான் கதிர!"

எனக்கு மூச்சு வாங்கியது. பின்வாசல் பக்கம் போய் ஒரு கதிரையில் இருந்தேன். அந்த நேரம் ஓர் ஓட்டோ வந்து நின்றது. பருத்திச் சாரி கட்டிய ஒரு பெண்பிள்ளை இறங்கி என்னிடம் வந்தாள்.

"உம்மா, கூட்டம் இஞ்சதானே?"

"இஞ்சதான் மகள். வா, பக்கத்துல இரி. பேச வாற டொக்டர் இன்னும் வரல்ல."

"நல்லாப் பேசுவாவா?"

"ஆருக்குத் தெரியும்? பல்லு டொக்டராம். இனிப்புத் தின்னாதங்க எண்டுதான் சொல்லுவா. அவ சொல்லி முடியிறத்துக்குள்ள சோறு ஆறிரும்."

அவள் என் வாயையே பார்த்தாள். "உங்கட பல்லு எங்க உம்மா?"

"முந்தியில முடிஞ்சிரிக்கன்."

"ஏன், கட்டித் தந்த ஆள் சரியில்லையா?"

"ஆளுக்கென்ன, நல்ல புள்ளதான். சோறு திங்கக் கட்டித் தந்த பல்லு. குரவைக்கெண்டு நான் சொல்லல்லியே."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் அவள் தோளில் கையைப் போட்டுச் சிரித்தேன். அப்போது டீச்சர் ஓடிவந்தார். "டொக்டர்! நீங்க எப்ப வந்தீங்க? வேன் எங்க?"

வேன் நிந்தவூரில் ரயர் காற்றுப்போய் நின்றுவிட்டதாம். அவள் ஓட்டோ பிடித்து வந்துவிட்டாள். என் கை இன்னும் அவள் தோளில் இருந்தது. எடுப்பதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். விட்டேன். போட்ட கையை எடுத்தால்தான் மரியாதைக் குறைவு.

சமையல்காரருக்குக் குரவை விழுந்த கதையை டீச்சர் வாயால் கேட்டுக்கொண்டே டொக்டர் மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தாள். "நான் பேசுறத்துக்கு முந்தி ஒரு வழக்கிரிக்கி. சமையல்காரருக்குப் போட்ட குரவைய நான் ஓட்டோவுக்குள்ள இருந்து கேட்டன். எனக்கு எங்க?"

மச்சி பாய்ந்து எழும்பினாள். நல்ல குரல்தான் எடுத்தாள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பாதியில் அவள் கண் அடுப்படி வாசலுக்குப் போனது. சமையல்காரர் காதில் ஒரு ரோசா இதழ் ஒட்டியபடியே நின்றார். குரவை அறுந்து, இருமலாகி, சிரிப்பாகி, அவள் கதிரையில் தொப்பென்று விழுந்தாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகள் பார்க்கவில்லை, அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

நான் எழும்பினேன். "ரெண்டு போட்டாச்சி. மூண்டாவது மிச்சம் கிடக்கு" என்றேன். சமையல்காரர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, மைக் எதுவும் இல்லாமல், எடுத்தேன்.

அதை நான் எப்படிச் சொல்ல? வாயில் ஒரு பல்லும் தடையாக இல்லை. நாக்கு தன்பாட்டில் சுழன்றது. திரைக்கு அங்கால் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. கூரையிலிருந்த காகங்கள் எழும்பிப் போயின. ஆண்கள் பக்கம் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று எழும்பிவிட்டார்கள். எனக்கு நிறுத்த மனமே வரவில்லை. நிறுத்தியபோது மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

அந்தக் கைதட்டலுக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். மூன்றாவது குரவை விழுந்துவிட்டதே! சமையல்காரர் சட்டியைத் திறந்துவிட்டார். நெய்ச் சோற்று வாசம் வந்தது. அதன் பின்னால் சஹன்களும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்து பலர் சாப்பிடுவது எங்கள் விருந்து வழக்கம். வந்த சஹனைத் திருப்பி அனுப்ப யாருக்கும் வாய் வராது.

டீச்சர் தலையில் கை வைத்தார். "ஐயோ, இன்னும் பேச்சுத் தொடங்கல்லியே!"

டொக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "சோறு ஆறிருமே டீச்சர்" என்றாள். பிறகு மைக்கில், "எல்லாரும் படுக்கப் போக முந்திப் பல்லுத் தீட்டுங்க. என்ட பேச்சு முடிஞ்சிது" என்று சொல்லி இறங்கிவந்து எங்கள் சஹனில் இருந்துவிட்டாள். இத்தனை காலத்தில் அப்படியொரு நல்ல பேச்சு நாங்கள் கேட்டதில்லை.

மச்சி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். சஹனில் கிடந்த நல்ல இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"பல்லப் போடுங்க மதினி. இறைச்சி கிடக்கு."

"கதிர?" என்றேன்.

"கதிரையும் உங்கடதான், போங்க."

ஆனாலும் அடுத்த ஒன்றுகூடலில் நானே எழும்பி அவள் கதிரையை முன்னுக்கு இழுத்து, என் பக்கத்தில் போட்டேன். இரக்கப்பட்டு இல்லை. பின்னாலிருந்து அவள் சொல்லிச் சிரிக்கவைக்கும் பகிடி எனக்குச் சரியாகக் கேட்பதில்லை.

எழுதியாச்சா மகள்? சரி, இப்போது முதலிலிருந்து வாசி, கேட்பம். சமையல்காரர் வேனால் இறங்குகிற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்து. நான் பல்லைக் கழற்றிவிட்டுச் சிரிக்க வேண்டும்.