நீலக் கட்டம் போட்ட பார்டர்

தீபாவளி முடிந்துவிட்டால் சிவகாசி அச்சகங்களில் கொஞ்ச நாளைக்கு ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். நான் அப்போது ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மதினி, என் அண்ணன் மனைவி, ஒரு சிடியைக் கையில் திணித்தார்.

அது ஒட்டுப்போர்வை டிசைன் போடும் மென்பொருள். துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு அங்கே வகுப்பே நடக்கிறதாம். மதினிக்குத் தையல் வந்துவிட்டது, கம்ப்யூட்டர்தான் வரவில்லை.

"லேபிள் வரையுறவளுக்கு இது ஒரு காரியமா? எனக்கு ஒண்ணு போட்டு, இங்கன டெய்லர்ட்ட குடுத்துத் தைச்சு அனுப்பிரு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

நடுப்பகுதி சுலபமாக வந்தது. பார்டர்தான் படுத்தியது. வெறும் பட்டையாக விடாமல் சுற்றிலும் நட்சத்திரக் கட்டங்களை நிறுத்த ஆசைப்பட்டேன். பக்கத்தின் நீளத்துக்குள் அந்தக் கட்டங்கள் சரியாக அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மென்பொருள் சண்டை போடாது. நட்சத்திரத்தைப் பிடித்து இழுத்துவிடும். என் முதல் பார்டரில் லாரி ஏறிய எலுமிச்சம்பழம் போல நட்சத்திரங்கள் நசுங்கிக் கிடந்தன. நடுப்பகுதியைச் சுற்றி ஒல்லியாக ஒரு பட்டை சேர்த்த பிறகுதான் கணக்கு சரியாகி நட்சத்திரங்கள் நிமிர்ந்தன.

அடுத்தது துணி. சிடியில் இருந்ததெல்லாம் நான் பார்த்தே இராத பூக்கள். நம் துணியையே ஸ்கேன் செய்து சேர்க்கலாம் என்று தெரிந்ததும் சுங்குடிச் சேலை, தலையணை உறை என்று ஒவ்வொன்றாக முயன்றேன். நட்சத்திரத்துக்குப் பின்னால் எதுவும் எடுபடவில்லை. கொடியில் காய்ந்த என் கணவரின் நீலக் கட்டம் போட்ட லுங்கியை அச்சகத்துக்கு எடுத்துப்போய் ஸ்கேனரில் விரித்தேன். அவ்வளவு பொருத்தம்.

அதைத் திரையில் ரசித்துக்கொண்டிருந்தபோது, நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார். வந்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சுத்திச் சுத்திச் சக்கரம் வெடிக்கிற மாதிரில்லா இருக்கு. யாரு ஆர்டரு இது?"

"ஆர்டர் இல்லீங்க அண்ணாச்சி. போர்வை" என்றேன்.

"போர்வையா?" முதலாளி என்னை முறைத்தார்.

"போர்வையா இருந்தா என்ன, பொட்டி மேல போட்டா பொட்டி. நடுவுல ஒரு பாப்பா மத்தாப்பு புடிச்சிட்டு நிக்கட்டும். சீசனுக்கு இதுதான் நம்ம கிஃப்ட் பாக்ஸ்" என்று முடித்துவிட்டார் அண்ணாச்சி. முறைத்துக்கொண்டிருந்த முதலாளி எனக்கு டீ சொல்லி அனுப்பினார்.

அச்சான முதல் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கட்டத்த எங்கனயோ பாத்துருக்கேன்."

"இடுப்புல பாருங்க."

குனிந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ தாளைச் சுருட்டிக்கொண்டு, அதே லுங்கியோடு டீக்கடைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்கச் சிலர் அவரைத் திரும்பி நிற்கச் சொன்னார்களாம்.

சிக்கல் பிறகுதான் வந்தது. டெய்லரிடம் கொடுப்பதற்காக லுங்கியைக் கேட்டேன்.

"ஊரு பூராம் போகப்போற லுங்கி. அதுல போயி கத்திரிய வைக்கச் சொல்றியே" என்றார். அன்றிலிருந்து அதைத் துவைப்பதும் மடிப்பதும் அவரே.

அதே கட்டத்தைத் தேடி பஜாரில் கடை கடையாக ஏறினேன். கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் ஜன்னல் திரையைக் கழற்றி பார்டரை முடித்தேன். மஞ்சள் திரை, அதில் பழுப்பு இலைகள். நட்சத்திரங்கள் அதற்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டன. அச்சான தாள் ஒன்றையும் போர்வைக்குள் வைத்துப் பார்சல் அனுப்பினேன்.

மதினி போன் செய்தார். "போர்வை நல்லாத்தான் இருக்கு. ஆனா கிளாஸ்ல எல்லாரும் அந்தத் தாளைத்தான் பாக்காக. அந்த நீலத் துணி வேணுமாம். அது எந்தக் கடைல கிடைக்கும்?"

போனை அப்படியே கணவரிடம் கொடுத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது இப்ப கடைல வர்றதில்லக்கா" என்றார், துணி வியாபாரியைப் போல. "வேற கட்டம் வேணா பாத்து அனுப்புதேன்."

மறுநாள் பஜாரில் ஒவ்வொரு லுங்கியையும் தெருவெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்து, நட்சத்திரத்துக்கு எடுப்பாக இருக்குமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.