பாட்டுக்கு இரண்டு பானை

வேங்கிக்காலில் நாங்கள் வாங்கிய வீட்டின் ஹால் சின்னது. அதற்கு ஏற்ற, விலை குறைந்த சரவுண்ட் சவுண்ட் செட் பார்க்க அம்மாவோடு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பாட்டைப் போட்டார். ஊஃபர் பெட்டியின் ஓட்டைக்கு நேரே சும்மா கையை நீட்டினேன். உள்ளங்கையில் குபுக் குபுக்கென்று காற்று மோதியது.

சின்ன வயதில் இதே காற்றை ஒரு மண்பானையின் வாயில் தொட்டிருக்கிறேன்.

ஸ்பீக்கரைப் பானைக்குள் வைத்தால் பேஸ், அந்தக் கனமான அடிச்சத்தம், கூடும் என்று அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பேட்டரி டேப் ரெக்கார்டரையும் அதன் இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றையும் பையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு தேரடித் தெருப் பானைக் கடைக்குப் போனார். ஒவ்வொரு பானைக்குள்ளும் ஸ்பீக்கரை இறக்கிப் பாட்டுப் போட்டார்.

"இதுல கம்மியா கேக்குது. அடுத்தத குடும்மா."

கடைக்காரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தட்டிப் பாத்து வாங்குவாங்க. பாட்டு போட்டு வாங்குறவர இப்பதாங்க பாக்குறேன்."

பாட்டு எப்படி இவ்வளவு பெரிதாகிறது என்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்தேன். இருட்டும் மண் வாசனையும்தான் இருந்தன.

இடப்பக்க ஸ்பீக்கருக்கு ஒன்று, வலப்பக்க ஸ்பீக்கருக்கு ஒன்று என இரண்டு பானை வாங்கினோம். நல்ல கோடை. வீட்டுக்கு வந்ததுமே அம்மா ஒன்றில் தண்ணீர் ஊற்றிவிட்டாள். அந்த வெயில்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இடப்பக்கப் பாட்டு மட்டும் கனமாகக் கேட்டது.

"சார், உங்க ஹாலுக்கு அஞ்சு ஸ்பீக்கர் ஜாஸ்தி. ரெண்டும் இந்த ஊஃபரும் போதும்" என்றார் கடைக்காரர். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ரெண்டே வாங்கிக்கோடா" என்றாள். "இந்த வாட்டி எதையும் தண்ணிக்கு எடுத்துக்க மாட்டேன்."