பதினான்கு கரைகளும் ஒரு பழைய லேப்டாப்பும்

சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர்களுக்குச் சேலைக்கரை டிசைன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் யாரையும் நம்ப முடியாது, பார்த்த கண்ணோடு டிசைனைத் திருடிவிடுவார்கள். பக்கத்துத் தறிக்காரர் பேச வந்தால், ஓடுகிற சேலைமேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வாங்க என்பார்கள். எனக்கு அந்தப் புத்தி கொஞ்சம் கூடுதல் என்று வீட்டில் சொல்வார்கள்.

போன வருஷம் என் லேப்டாப் ஓய்ந்துபோனது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் திரை விழித்திருக்காது. தீபாவளிக்கு ஓட வேண்டிய பதினான்கு கரைகளும் அதற்குள்தான் இருந்தன. ராயகிரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர், விண்டோஸுக்குப் பதிலாக லேசான லினக்ஸ் ஒன்று இருக்கிறது, பழைய மெஷினிலும் ஓடும், காசு கிடையாது, வந்து போட்டுத் தருகிறேன் என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றையே வாங்குவேன். சும்மா வருகிற மனிதருக்கு இதில் என்ன லாபம்? யோசித்தபோது, அவருடைய மச்சினன் புளியங்குடியில் எட்டுத் தறி ஓட்டுவது ஞாபகம் வந்தது.

அவர் வருவதற்கு முதல் நாளே டிசைன்களை ஒரு பென் டிரைவில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். வந்தவர், எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டார். அதெல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

லினக்ஸ் போடும் திரை வந்தது. பழையது இருக்கப் பக்கத்திலேயே போடலாம், அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடலாம். அவர் முதலாவதைத் தொட்டார்.

"பழசு அங்கன கெடக்கட்டும் அண்ணாச்சி. ஆத்திர அவசரத்துக்கு ஆகும்."

யாருடைய அவசரத்துக்கு? அந்நேரம் பார்த்து அவருடைய மச்சினனிடமிருந்து போன் வந்தது. உள்ளே சிக்னல் இல்லை, தெருவுக்குப் போனார். நான் இரண்டாவதைத் தொட்டேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம்தான் என்று அமுக்கினேன்.

அவர் திரும்பி வந்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. புதுத் திரை சட்டென்று திறந்ததும் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். நான் பீரோவைத் திறந்து பென் டிரைவை எடுத்து வந்து, அவருக்குத் தெரியாதபடி திரையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு செருகினேன். டிசைன் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவர் பக்கம் திருப்பினேன்.

நான் ஏற்றி வைத்திருந்தது ஷார்ட்கட் மட்டும்தான், டிசைன் இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் குறி. டிசைன்கள் நான் அழித்த பழசோடு போய்விட்டன.

பரவாயில்லை, பழசு இருக்கிறதே என்று அவர் தேடினார். தேடத் தேட அவர் முகம் மாறியது. கை தவறிப் பட்டுவிட்டது என்றேன். வாய் கூசாமல் வந்தது பொய். அவர் அதை அப்படியே நம்பினார்.

"தப்பு எம்மேலதான். உங்கள விட்டுட்டுப் போனுக்குப் போயிருக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கக் கழட்டித் தாங்க, வீட்டுக்குக் கொண்டு போய் மீட்டுப் பாக்குதேன். கொஞ்சமாச்சும் வரும்."

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் காலில் விழுந்தாலும் தகும் என்று தோன்றியது. அதே நேரத்தில் புளியங்குடியும் எட்டுத் தறிகளும் மனதில் வந்து நின்றன.

வேண்டாம், நானே மறுபடி வரைந்துகொள்கிறேன் என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன்.