ஹேண்டில் சுற்ற ஓர் ஆள்

பழைய காருக்கு வால்வு அட்ஜஸ்ட் பண்ணுகிறவனுக்கு எதிரி எஞ்சின் இல்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்தான். இந்தத் தொழிலில் கை கறுத்த எவரையும் கேட்டுப் பாருங்கள்.

டிக்டிக்

ஆட்சி மாறி, நில உச்சவரம்பு என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். திருவிடைமருதூர் பக்கத்து மிராசுதார் ஒருவர், மாட்டுக் கொட்டகையில் கிடந்த அவர் அப்பா காலத்துக் காரை ஓட வைக்கக் கூப்பிட்டார். தையில் மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் நடக்க வேண்டுமாம். நான் அப்போது புளியமரத்தடியில் தொழில் செய்தவன். மழை பெய்தால் பட்டறை கிடையாது. பணம் வேண்டாம், மெயின் ரோட்டில் சும்மா கிடக்கிற உங்கள் மனையைக் கொடுங்கள் என்று விடாப்பிடியாகப் பேசினேன். கார் ஓடினால் மனை என்று முடிந்தது.

முன்பு பார்த்த மெக்கானிக், வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டை இடைவெளியே விடாமல் இறுக்கி, ஒரு வால்வை எரித்திருந்தான். சத்தம் வருகிறது என்று மிராசுதார்தான் இறுக்கச் சொன்னாராம். சூட்டில் வால்வு நீளும், இடம் விடாவிட்டால் மூடாமல் எரிந்துபோகும், கொஞ்சம் டிக்டிக் என்றுதான் இருக்கும் என்று கத்தினேன். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. என் வீட்ல எதுவும் சத்தம் போடக் கூடாது."

களத்துமேட்டில்

எரிந்த வால்வை மாற்றி, பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டு எஞ்சினைப் பூட்டினேன். பாக்கி டேப்பட் மட்டும். காருக்கு முன்னால் நின்று ஒருவர் எஞ்சினைச் சுழற்றும் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றி, வால்வு மூடிய இடத்தில் அசையாமல் பிடிக்க வேண்டும். நான் தகடு விட்டு இடைவெளி பார்ப்பேன். புது ரிங் போட்ட எஞ்சின் கல் மாதிரி இறுகியிருந்தது. பண்ணையிலோ ஓர் ஆள் இல்லை. சம்பா அறுவடைக்கு நெல் கூலி கூட்டிக் கேட்டு எல்லோரும் வேலைநிறுத்தம்.

சங்கத் தலைவர் வேலாயுதம் அதே பண்ணையில் ஏர் ஓட்டியவர். களத்துமேட்டில் கொடி நட்டு உட்கார்ந்திருந்தார். இது வயல் வேலை இல்லை, ஓர் ஆளை அனுப்புங்கள், என் மனை போகிறது என்று சண்டைக்கே நின்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "ஐயாவையே கேளுங்க தம்பி. அவரும் எங்கள மாதிரி வேலை இல்லாமத்தான உக்காந்திருக்காரு."

கதவைச் சாத்திக்கொண்டு

அதை அப்படியே போய்ச் சொன்னேன். மிராசுதார் முறைத்தார். விடிந்தால் மாப்பிள்ளை அழைப்பு. நான் ஸ்பேனர்களை மூட்டை கட்டினேன். அதைப் பார்த்ததும் எழுந்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றிவிட்டு ஹேண்டிலைப் பிடித்தார்.

நிறுத்து என்றால் தாண்டிவிடுவார். தாண்டினால் மறுபடி சுற்ற வேண்டும். அப்போது நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் உள்ளங்கை இரண்டும் கொப்புளம் போட்டுவிட்டன. பாதி வால்வு முடிந்தபோது கதவு திறந்தது. வேலாயுதம் நின்றார், பின்னால் தெருவே நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. வேலாயுதம் மட்டும் அக்கறையாகக் கேட்டார்: "கூலி பேசிக்கிட்டீங்களாய்யா? பேசாம வேலைல எறங்கிடாதீங்க."

கயிறு

மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கார் கோயிலுக்கும் வீட்டுக்கும் அழகாகப் போய்வந்தது. அது என்ன டிக்டிக் என்று சம்பந்தி கேட்டாராம். இருக்கணும், இல்லாவிட்டால் எரிந்துபோகும் என்று மிராசுதார் விளக்கம் வேறு சொன்னாராம்.

கல்யாணம் முடிந்ததும் மனையை அளந்து கொடுக்கக் கணக்குப்பிள்ளை வந்தார். அளந்து, சரியாக நடுவில் கயிறு கட்டினார். ஓடிப்போய் வாசலில் நின்று கூச்சல் போட்டேன். மிராசுதார் கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "ஹேண்டில் சுத்துனது யாருப்பா? பாதி வேலை நான் பார்த்தேன், பாதி மனை எனக்கு."

வேலாயுதத்தின் ஆட்களுக்குக் கேட்ட கூலி அந்த வாரமே கிடைத்தது. அரசாங்கத்தின் சட்டத்துக்கே பிடிகொடுக்காத அந்த மனுஷர் வெற்றிகரமாக உச்சவரம்பு வைத்தது என் பட்டறைக்கு மட்டும்தான்.